தண்ணீர் மேல் போட்ட பழி

பாலக்கோடு தக்காளி மண்டியில் அன்பரசியின் குரலைக் கேட்காமல் ஒரு பெட்டிகூட லாரி ஏறாது என்று சொன்னால் அது பொய். ஏலம் விடுகிறவர்கள் அங்கே இன்னும் பல பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குரல் மண்டிக்குள் கேட்கும். அன்பரசியின் குரல் மெயின் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கும். ஆள் குள்ளம். கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி மேல் ஏறி நின்றால்தான் வியாபாரிகளின் முகம் தெரியும். இரண்டு கால்களும் முழங்காலில் வெளிப்பக்கமாக வளைந்திருப்பதால் நடக்கும்போது உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். யாராவது உற்றுப் பார்த்தால், "என்னங்க, காலுக்கு வெலை கேக்கறீங்களா?" என்று கேட்டுவிடுவாள். பார்த்தவன் அப்புறம் தக்காளியை மட்டும்தான் பார்ப்பான்.

அந்தக் காலுக்கு ஊர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. தண்ணீர். தர்மபுரிப் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியாதவர்கள் குறைவு. பல்லில் கறையா, தண்ணீர். முட்டியில் வலியா, தண்ணீர். கழுத்து திரும்பவில்லையா, அதுவும் தண்ணீர். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைக்கும், வம்பே அதுதான். அன்பரசியின் பல்லிலும் கோடு உண்டு. அதனால் அவள் காலைப் பார்த்த எந்த டாக்டரும் பல்லைப் பார்த்ததும் யோசிப்பதை நிறுத்திவிடுவார். சின்ன வயதில் இரண்டு கால்களையும் ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்கள். வளர வளரத் திரும்பவும் வளைந்தன. அப்பா கருப்பண்ணனுக்கும் அதே கால். தங்கை கவிப்பிரியாவுக்கும் அதே கால், கொஞ்சம் குறைவாக. "இந்தத் தண்ணி நம்ம வூட்டையே சாச்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் அப்பா போய்ச் சேர்ந்தார்.

ஆகவே மகன் மாதேஷ் வயிற்றில் இருக்கும்போதே அன்பரசி முடிவு செய்துவிட்டாள். கேன் தண்ணீர்தான். குடிக்கவும் அதுதான், சமைக்கவும் அதுதான், பிறந்த பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டவும் அதுதான். லாரி ஓட்டும் புருஷன் முருகேஷ், "மினரல் வாட்டர்ல குளிக்கிற ராசா நம்ம வூட்லதான் பொறந்திருக்கான்" என்று சிரித்தான். ராசா எழுந்து நடக்கத் தொடங்கினான். நடக்க நடக்கக் கால் வளைந்தது.

அன்பரசிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினாள். அங்கே புதிதாக வந்திருந்த குழந்தை டாக்டர் மணிமேகலையின் முன்னால் உட்கார்ந்து, சண்டைக்குத்தான் ஆரம்பித்தாள்.

"ஒரு சொட்டு போர் தண்ணி இவன் வாயில படலீங்க மேடம். இப்ப எதைச் சொல்லப் போறீங்க?"

மணிமேகலை பிள்ளையின் காலைப் பார்த்தார், பிறகு அம்மாவின் காலைப் பார்த்தார்.

"உங்க வூட்ல வேற யாருக்கு இப்படி இருக்கு?"

"எங்கப்பாவுக்கு இருந்துச்சுங்க. தங்கச்சிக்கு இருக்குதுங்க."

"கூடப் பொறந்த பசங்க?"

"ஒரே அண்ணன், அருண்குமாருன்னு. ஓசூர்ல கம்பெனி வேலை. அவன் நேராத்தான் நிக்கிறானுங்க."

"அவரும் அதே தண்ணியத்தானே குடிச்சு வளந்தாரு?"

ஒரே குடம், ஒரே சொம்பு. இத்தனை வருஷமாக இதை ஒரு ஆள் கேட்கவில்லை, தனக்கும் தோன்றவில்லை என்று நினைத்தபோது அன்பரசியின் கோபம் அவள் மேலேயே திரும்பியது.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பாஸ்பரஸ் அடிமட்டத்தில் கிடந்தது. மணிமேகலை நிதானமாக விளக்கினார். எலும்பு இறுகுவதற்கு வேண்டிய பாஸ்பரஸை இவர்கள் உடம்பில் சிறுநீரகம் தங்கவிடாமல் வெளியே தள்ளிவிடுகிறது. பிறவியிலேயே வருவது, அபூர்வமானது. அப்பாவுக்கு இருந்தால் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் வரும், ஆண் பிள்ளைகளுக்கு வராது. அம்மாவுக்கு இருந்தால் ஆணோ பெண்ணோ யாருக்கும் வரலாம், வராமலும் போகலாம். மருந்து இருக்கிறது. பிள்ளை சின்னதாக இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டால் கால் நிமிர்ந்து வளரும்.

நோயின் பெயர் ஹைப்போபாஸ்பட்டீமிக் ரிக்கெட்ஸ். அன்பரசி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். பாலக்கோட்டில் இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. நோய் என்று தெரிந்து ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாளா என்று முருகேஷுக்குப் புரியவில்லை. அவளுக்கு அது சந்தோஷம்தான். யார் திருடன் என்று தெரிந்துவிட்ட சந்தோஷம். மருந்து தொடங்கிய பிறகு மாதேஷின் கால் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. இன்றைக்கு அவன் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஓடுகிற ஓட்டத்தைப் பிடிக்க ஆள் வைக்க வேண்டும். அன்பரசியின் கால் இனி நிமிராது. ஆனால் வலி பாதியாகிவிட்டது, அவளே இறங்கி லோடு எண்ணுகிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லியிருக்கவே வேண்டாம். பாப்பிரெட்டிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த கவிப்பிரியாவுக்கு ஒரு பெண் குழந்தை, தன்ஷிகா. இரண்டு வயது. அதற்கும் கால் வளையத் தொடங்கியிருந்தது.

அன்பரசி போன் போட்டாள், நேரிலும் போனாள். கவிப்பிரியாவின் மாமியார் செல்லம்மாள் கெட்டவள் இல்லை. பேத்தியை மடியை விட்டு இறக்காதவள். ஆனால் அவளிடம் எடுபடவில்லை.

"எங்க நஞ்சப்பன் டாக்டரு தண்ணிதான்னு சொல்லிட்டாரு. சத்து மருந்தும் குடுத்திருக்காரு. நீ உங்க வூட்டு வியாதியக் கொண்டாந்து எம் பேத்தி தலையில கட்டாத. பொட்டப் புள்ள, நாளைக்கு யாரு கேட்டு வருவாங்க?"

நஞ்சப்பன் டாக்டர் என்றால் பாப்பிரெட்டிப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் மேலே பேச்சு கிடையாது. தலைமுடி நரைத்த கைராசிக்காரர். சித்தேரி மலையில் இருந்துகூட அவருக்காக இறங்கி வருவார்கள். செல்லம்மாளின் மகன், கவிப்பிரியாவின் புருஷன் சந்திரமோகன், அவர் கையில் பிறந்தவன். பெங்களூரில் வேலை பார்க்கிற அவன், அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன்.

"ஒளிச்சுக் கூட்டிட்டு வந்துடுடி, நான் பாத்துக்கறேன்" என்றாள் அன்பரசி.

கவிப்பிரியா அக்காவைவிடக் கணக்காக யோசிக்கிறவள். "அந்த மருந்த ஒரு நாளைக்கு நாலஞ்சு வேளை குடுக்கணும்ங்கற. அதையும் தெனம் ஒளிச்சுக் குடுக்க முடியுமாக்கா? அத்தை கண்ணு எப்பவும் புள்ள மேலதான் இருக்கும். நஞ்சப்பன் டாக்டர் வாயில இருந்து வந்தாத்தான் இங்க எதுவும் நடக்கும்."

அன்பரசி ஊர் திரும்பினாள். ஒவ்வொரு முறை போகும்போதும் குழந்தையின் முழங்கால்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் மணிமேகலை அவளிடம் ஒரு உதவி கேட்டார். மாவட்டத்து டாக்டர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தப் போகிறார். அபூர்வ நோய்களைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்படி என்று. வெறும் படம் போட்டுக் காட்டினால் தூங்கிவிடுவார்கள். ஆகவே நிஜமான நோயாளிகளே வந்து உட்காருவார்கள். டாக்டர்கள் கேள்வி கேட்டு, பார்த்து, தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். அன்பரசி வருவாளா?

"பாப்பிரெட்டிப்பட்டி நஞ்சப்பன் டாக்டர் வர்றாருங்களா?" என்று கேட்டாள் அன்பரசி.

"பேர் குடுத்திருக்கார். ஏன்?"

அன்பரசி சொன்னாள்.

"அவர் முன்னாடி உங்களை உக்கார வைக்கிறேன். ஆனா ஒண்ணு. கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும். நோய் பேர உங்க வாயால சொல்லக்கூடாது. நீங்களே சொல்லிட்டா, சரின்னு தலையாட்டிட்டுப் போயி மறந்துடுவாங்க. அவங்களே கண்டுபிடிச்சா அடுத்த ஆளையும் கண்டுபிடிப்பாங்க."

"கேக்காமயே போயிட்டாருன்னா?"

"அதுக்கப்புறம் நான் வகுப்புல சொல்வேன். ஆனா அவரே கண்டுபிடிக்கிற மாதிரி இருக்காது."

வாயை வைத்துப் பிழைக்கிறவளைப் பார்த்து வாயைக் கட்டு என்றால் எப்படி இருக்கும்? அன்பரசி ஒத்துக்கொண்டாள்.

வகுப்பு தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில். கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு விடிந்ததுமே போய் நின்றாள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தபோதுகூட இந்தப் படபடப்பு இல்லை. மண்டபம் முழுக்க டாக்டர்கள்; நேற்றுப் படித்து முடித்த பிள்ளைகளில் இருந்து தடி ஊன்றி வந்தவர் வரை. நோயாளிகளைத் தனித்தனி நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு குழுவாக டாக்டர்களை உட்காரவைத்தார்கள். அன்பரசிக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தவர், நெற்றியில் மெல்லிய திருநீறும் வெள்ளைச் சட்டையுமாக, நஞ்சப்பன்.

அவர் அன்பரசியை இதற்கு முன் பார்த்ததில்லை. ரொம்பப் பிரியமாகத்தான் பேசினார்.

"எந்த ஊரும்மா?"

"பாலக்கோடுங்க சார்."

"கால் எப்ப இருந்து இப்படி?"

"நடக்க ஆரம்பிச்சதுல இருந்துங்க."

"எங்க, கொஞ்சம் சிரி."

அன்பரசி வேறு வழியில்லாமல் சிரித்தாள். பழுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. நஞ்சப்பன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஃப்ளோரைடுதான். பாலக்கோடு பக்கம் சொல்லவே வேணாம். நாம தெனம் பாக்கறதுதானே." சுற்றியிருந்த இளம் டாக்டர்கள் பெரியவர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். ஒருவர் எழுதியே விட்டார். ஒருவர் டீ வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார்.

அவ்வளவுதானா? தங்கையின் பெண்ணுடைய கால் இந்த ஒரு சிரிப்போடு போய்விடுமா? அன்பரசியின் தொண்டை வரை வந்துவிட்டது அந்த நீளமான பெயர். மணிமேகலை தூரத்தில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லக்கூடாது. சரி, பெயரைத்தானே சொல்லக்கூடாது?

அன்பரசி எழுந்து நின்றாள். மண்டியில் விடுகிற அதே குரலை விட்டாள்.

"ஃப்ளோரைடு ஒரு தரம்!"

மண்டபமே திரும்பியது. டீ கொண்டு வந்தவர் அப்படியே நின்றார்.

"ஃப்ளோரைடு ரெண்டு தரம்! மேல கேக்கறவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

முதலில் ஒரு பெண் டாக்டர்தான் சிரித்தார், பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. "வைட்டமின் டி குறைவு" என்று யாரோ பின்னால் இருந்து ஏலம் கேட்டார். "வைட்டமின் டி, ஒரு தரம்!" என்று அன்பரசி அதையும் ஏற்றுக்கொண்டாள். நஞ்சப்பனும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

"என்னம்மா, நான் கேட்ட வெலை உனக்குக் கட்டுப்படியாகலையா?"

"வெலை கேக்கறது உங்க இஷ்டம்ங்க சார். ஆனா எங்க மண்டியில பெட்டிய அடி வரைக்கும் கொட்டிப் பாக்காம யாரும் கேக்க மாட்டாங்க. மேலாப்புல பாத்துட்டுக் கேட்டா ஏமாந்துருவாங்க. நீங்க இன்னும் பெட்டியத் தொறக்கவே இல்லீங்களே."

மணிமேகலை தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, வகுப்பு கெட்டதே என்று கவலைப்படுகிறாரா என்று தெரியவில்லை. நஞ்சப்பன் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். அவர் போகவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் நோயாளி பார்த்தவர், சீண்டினால் விடுவாரா?

"சரி, கொட்டிப் பாக்கலாம். கையக் காட்டு. நிமிந்து நில்லு. பல்லுல சீழ் கட்டியிருக்கா எப்பவாச்சும்?"

"கட்டியிருக்குதுங்க. சொத்தையே இல்லாத பல்லுலங்க."

"சொத்தை இல்லாமயா?" அவர் புருவம் ஏறியது. "ஆபரேஷன் பண்ணின தழும்பு இருக்கே. பண்ணியும் வளைஞ்சுதா?"

"ஆமாங்க."

"வூட்ல வேற யாருக்கு?"

"அப்பாவுக்குங்க. தங்கச்சிக்குங்க."

அவர் நிறுத்தினார். அப்பா, தங்கை, ஒரே வீடு, ஒரே தண்ணீர். அன்பரசிக்குப் புரிந்தது, இந்தப் பதில் மறுபடியும் ஃப்ளோரைடுக்குத்தான் போய் நிற்கும். அண்ணனைக் கேளுங்க சார், அண்ணனைக் கேளுங்க என்று உள்ளுக்குள் அவள் கத்திக்கொண்டிருந்தாள். கைகள் புடவைத் தலைப்பை முறுக்கு முறுக்கென்று முறுக்கின. நஞ்சப்பன் தாடையைத் தடவினார். இளம் டாக்டர்கள் குனிந்து நெருங்கினார்கள். இப்போது டீயை யாரும் கேட்கவில்லை.

"உங்கம்மாவுக்குக் கால் எப்படி?"

"நேரா இருக்குங்க."

"அம்மாவும் அதே தண்ணிதானே..." அவர் குரல் மாறியது. "கூடப் பொறந்த பசங்க இருக்காங்களா?"

"ஒரே அண்ணனுங்க."

"அவன் கால்?"

"நேரா இருக்குங்க சார்."

"எங்க வளந்தான்?"

"எங்க கூடத்தானுங்க. ஒரே குடத்துத் தண்ணிங்க."

நஞ்சப்பன் எழுந்தே விட்டார். "அப்பனுக்கு இருக்கு, பொண்ணுங்களுக்கு இருக்கு, பையனுக்கு இல்ல. இது தண்ணியே இல்ல. தண்ணி ஆளைப் பாத்துப் புடிக்குமா? இது ரத்தத்துல வர்றது. பாஸ்பரஸ் பாத்தீங்களாம்மா? பாஸ்பரஸ் கம்மியா இருக்கணுமே!" காலேஜில் படித்தது எங்கிருந்தோ வந்து நாக்கில் நின்றது. அந்த நீளமான பெயரை அவரே முழுசாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சின்னப் பையன் மாதிரி மணிமேகலையைத் திரும்பிப் பார்த்தார். மணிமேகலை கைதட்டினார். மண்டபம் கைதட்டியது. அன்பரசிக்குக் கண் நிறைந்துவிட்டது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

நஞ்சப்பன் இப்போது சூடு பிடித்துவிட்டார். இளம் டாக்டர்களிடம், "அப்பனுக்கு இருந்தா பொண்ணு ஒருத்தரையும் விடாது. அப்ப இந்தத் தங்கச்சியோட பிள்ளைங்களையும் கேக்கணும், கேக்காம விடக்கூடாது" என்று வகுப்பே எடுக்க ஆரம்பித்தார். அன்பரசி பக்கம் திரும்பினார்.

"தங்கச்சிக்குக் கொழந்த இருக்கா?"

"ஒரு பொண்ணுங்க. ரெண்டு வயசு."

"கால்?"

"வளையுதுங்க."

"ரெண்டு வயசுன்னா இப்பவே மருந்து ஆரம்பிக்கணுமே. யாரு பாக்கறாங்க?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதானே பேச்சு. அன்பரசி அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

"நீங்கதாங்க சார் பாக்கறீங்க. பாப்பிரெட்டிப்பட்டி செல்லம்மா பேத்தி."

நஞ்சப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேட்டி மடிப்பை ஒருமுறை நீவினார். அந்தக் குழந்தை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஊசி போட்டால் அழாமல் முறைக்கிற குழந்தை.

சாப்பாட்டுக்குக்கூட அவர் நிற்கவில்லை. அன்பரசியைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராகப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு விட்டார். செல்லம்மாளிடம் தான் சொல்லிப் பார்த்ததையெல்லாம் வழியில் அன்பரசி சொன்னாள். அவர் பேசியது ஒன்றே ஒன்று. "இன்னும் ரெண்டு கொழந்தைங்க நெனப்புக்கு வருதும்மா. அதுங்களையும் நாளைக்குக் கூப்பிடணும்."

டாக்டரே தன் வீட்டு வாசலில் வந்து இறங்கியதைப் பார்த்து செல்லம்மாள் பதறிவிட்டாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்தாள். நஞ்சப்பன் குழந்தையை நாலு அடி நடக்கச் சொல்லிப் பார்த்தார். அது முறைத்துக்கொண்டே நடந்தது.

"செல்லம்மா, நான் சொன்னது தப்பு. இது தண்ணி இல்ல. ரத்தம் எடுத்துப் பாக்கணும். இந்த அன்பரசி சொன்னதுதான் இருக்கும்."

செல்லம்மாளின் முகம் வாடியது. "நீங்களுமா சார்? பொட்டப் புள்ளைங்க. குடும்ப வியாதின்னு பேர் ஆயிடுச்சுன்னா..."

"கால் வளைஞ்சே வளந்தா மட்டும் பேர் நல்லா இருக்குமா? இப்ப ஆரம்பிச்சா நேரா நடப்பா. ஆனா ஒண்ணு, மருந்த ஒரு நாளைக்கு நாலஞ்சு வேளை விடாமக் குடுக்கணும். துப்பும், அழும், விடக்கூடாது. ஒம் மருமவ ஒருத்தியால ஆவாது. நீதான் குடுக்கணும்."

செல்லம்மாள் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். டாக்டரைப் பார்த்தாள், அன்பரசியைப் பார்த்தாள். அன்பரசி வாயைத் திறக்கவே இல்லை.

"எத்தன மணி எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லிப்போடுங்க" என்றாள் செல்லம்மாள். "உங்க பேச்சத் தட்ட மாட்டேன்."

அன்பரசிக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தையைப் பிடுங்கி முத்தம் கொடுத்தாள். அது அவளையும் முறைத்தது. சந்திரமோகனுக்குப் போன் போடு, முருகேஷுக்குப் போன் போடு என்று அவளே சொல்லி அவளே போனைத் தேடினாள். நஞ்சப்பன் கிளம்புவதற்கு எழுந்தவர், கதவுப் பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்த கவிப்பிரியாவைப் பார்த்து நின்றார்.

"கவிப்பிரியா, நாளைக்கு நீயும் வெறும் வயித்துல வந்துடும்மா. உனக்கும் எடுக்கணும்."

"எனக்குங்களா?"

"உனக்கு இல்லாம கொழந்தைக்கு எப்படி வந்துச்சு? உனக்கும் மருந்து இருக்கு. கால் வலிக்குதா?"

கவிப்பிரியா மாமியாரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அன்பரசி கையில் எடுத்த போனோடு அப்படியே நின்றாள். குழந்தை, குழந்தை என்று இத்தனை மாதமாக இந்த வீட்டுக்கும் பாலக்கோட்டுக்கும் அலைந்தவள், இந்த ஒரு கேள்வியைத் தங்கையிடம் கேட்டதில்லை. தனக்கு வலி குறைந்த பிறகு, தங்கைக்கும் வலிக்குமே என்பதுகூட அவள் புத்திக்கு எட்டவில்லை. அவள் மனம் ஒடிந்துபோனது.

கவிப்பிரியா கதவை விட்டுவிட்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"தெனமுங்க சார்" என்றாள். "தெனமும் வலிக்குதுங்க."